எறும்பு மொய்த்த தீவனத் தொட்டி

தீவனக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும், இனி யாராவது கையைப் பிடித்துத் தூக்கினால்தான் எழுந்திருப்பது என்று அண்ணி முடிவு செய்தாள். காலையிலிருந்து விடாத தூறல். செருப்பு நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. போன கேஸில், வீட்டை விட்டு ஓடிப்போன ஒருவனைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தபோது, அவன் மனைவி வாசலிலேயே மறித்துக்கொண்டு, "உங்களை யாரு இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொன்னது?" என்று கேட்டாள். கேஸ் கொடுத்தது மாமியார். அந்த அலுப்பே இன்னும் தீரவில்லை. அதற்குள் ஒரு குதிரை.

அண்ணி என்பது அவளுடைய பெயரல்ல. அவள் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் அவளுக்கு உதவியாக இருந்தது சொந்தக் கொழுந்தன். வருகிறவர்கள் முன்னால் அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் அழைத்தார்கள். கொழுந்தனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் படுக்கும்வரை ஓயமாட்டான்.

"அண்ணி, என் மேல பழி போட்டுட்டாங்க" என்றார் எதிரில் நின்ற தீவனக் கடைக்காரர். புருவத்தில், காது மடலில், சட்டைப் பையின் ஓரத்தில் என்று எங்கு பார்த்தாலும் தவிட்டுத் தூசு. "என் தீவனம் விஷமாம். ஊர்ல இருக்கிற லாயத்துக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க. நேத்து வரைக்கும் 'வாங்க வாங்க'ன்னவங்க, இன்னிக்கு என் வண்டியைப் பார்த்தாலே கேட்டைச் சாத்தறாங்க."

"குதிரை எப்படி இருக்கு இப்ப?"

"உயிரோட இருக்கு. உடம்பு பூரா தடிப்புத் தடிப்பா வருது. வயித்துவலி வந்து தரையில புரளுது. இன்னொரு தடவை குடல் முறுக்கிக்கிச்சுன்னா தாங்காதுன்னு கால்நடை டாக்டர் சொல்லிட்டாங்க."

ரேடியோ திறந்திருந்த ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, பச்சையாக ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தான். "இதைத் தின்னா உடம்பு ஏறுமா சார்? எனக்கு ஒரு மூட்டை கட்டுங்க. நான் சாப்பிடறதெல்லாம் வாய்க்கே போயிடுது."

கடைக்காரர் சிரிக்கவில்லை. அந்தப் பிடியை அவன் கையிலிருந்து வாங்கி அண்ணியின் உள்ளங்கையில் கொட்டினார்.

"பாருங்க. எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, ஒல்லியா ஒரு குதிரையைப் பார்த்ததும் தானியத்தை வாரிக் கொட்டுவாங்க. வயிறு பெருக்கும். முதுகு மட்டும் அப்படியே கூரை மாதிரி நிக்கும். தசைக்கு வேண்டியது புரோட்டீன். அதுவும் எதுல கொடுக்கிறோம்னு பார்க்கணும். இந்தக் குதிரை ஒரு கூச்சக்காரன். சிணுங்கின்னுதான் கூப்பிடுவாங்க. தானியமும் இனிப்பும் இவனுக்குத் தலைக்கேறிடும், இலை அசைஞ்சாக்கூட எகிறிக் குதிப்பான். பார்லி சுத்தமா ஆகாது. ஒரு பிடி பட்டாப் போதும், தோல் தடிச்சுடும். இதெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் தேடித் தேடிச் சேர்த்தேன். குதிரை மசால்ங்கிற பசுந்தீவனச் செடியோட இலை, கொஞ்சம் சோயா, ஆளி விதை, சர்க்கரையைப் பிழிஞ்செடுத்த பீட் கிழங்குச் சக்கை. தண்ணியில ஊறவெச்சு, கூழாக்கிக் கொடுக்கணும். இனிப்பு ஒரு துளி கிடையாது."

"அப்புறம் ஏன் தடிப்பு?"

"அதுதான் எனக்கும் புரியல. சோயா ஒத்துக்கலையோன்னு அதை எடுத்துப் பார்த்தேன். தடிப்பு வந்துச்சு. ஆளி விதையை எடுத்தேன், அப்பவும் வந்துச்சு. அடுத்த கடையில மூட்டை வாங்கிக் கொடுத்தாங்க. அதே தடிப்பு, அதே வயித்துவலி. உடம்பும் ஏறல. ஆனா முதல்ல கெடுத்தது என் தீவனம்தானாம், பழி மட்டும் என் தலையில."

அண்ணி கையிலிருந்த தீவனத்தை மூட்டையிலேயே போட்டாள். "எதை மாத்தினாலும் ஒரே மாதிரி நடக்குது. அப்ப மாத்தாம இருக்கிறது எது?"

"குதிரை" என்றான் ரேடியோ.

"அதைத்தான் போய்ப் பார்க்கணும்" என்று சொல்லி, யாரும் கையைப் பிடிக்காமலே எழுந்தாள். முதுகு மளுக்கென்றது.

*

சிணுங்கி இருந்த குதிரைச் சவாரிப் பள்ளி ஊருக்கு வெளியே, மரக்கடைகளைத் தாண்டி இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான லாயம். முன்னால் மணல் கொட்டிய மைதானத்தில் மழைத் தண்ணீர் குளம்குளமாகத் தேங்கியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் வயதான ஒரு கழுதை நின்று, வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்தது.

"யாரு அண்ணி இது? ஆபீசரா?" என்றான் ரேடியோ.

"மேனேஜர்" என்றாள் உள்ளேயிருந்து வந்த பெண். "நாள் பூரா ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைச்சுக்கிட்டே இருப்பார். அதனால அந்தப் பேரு. நீங்க கடைக்காரர் அனுப்பின ஆளுங்கதானே?"

நாற்பத்தைந்து வயதிருக்கும். லாயத்தம்மா என்றுதான் எல்லாரும் அவளைச் சொன்னார்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். இரவெல்லாம் தூங்காத கண்கள். அலுப்பு அலுப்பை அடையாளம் கண்டுகொள்ளும். அந்தக் கண்களைப் பார்த்ததும் அண்ணிக்கு அவள் மேல் வந்த எரிச்சல் பாதி இறங்கிவிட்டது.

"அவருக்காக வரலை, என்ன நடந்துச்சுன்னு பார்க்க வந்தோம்" என்றாள் அண்ணி. "அவர் மேல தப்பு இருந்தா அதையும் சொல்லிடுவேன்."

லாயத்தம்மா கேட்டைத் திறந்தாள்.

ரேடியோ மட்டும் கழுதையை விட்டு நகரவில்லை. அதன் தோள்பட்டையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "அண்ணி, இந்த வயசுல இந்த உடம்பைப் பாருங்க! முடியெல்லாம் எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளங்குது. தொடையைப் பாருங்க. எந்த ஜிம்முக்குப் போறீங்க மேனேஜர் சார்?"

"பேசாம வா."

சிணுங்கியின் அறை லாயத்தின் கடைசியில் இருந்தது. பழுப்பு நிறக் குதிரை. நல்ல உயரம், அழகான முகம். ஆனால் முதுகெலும்பு துருத்தி நிற்க, இரண்டு பக்கமும் சதை சரிந்து, விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. கழுத்திலும் மார்பிலும் நாணயம் நாணயமாகத் தடிப்புகள். ரேடியோவின் மழைக்கோட்டு சரசரத்ததும் அது நாலு காலும் ஒன்றாகத் தூக்கி மூலைக்குப் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. மூக்குத் துளைகள் விரிந்து நடுங்கின.

"கோட்டைக் கழட்டிடுங்க, ப்ளீஸ்" என்றது ஒரு குரல். தணிந்த குரல். குதிரையிடம் பேசுகிற அதே குரலில் மனிதர்களிடமும் பேசுகிற ஒருவன் வந்து நின்றான். இடது காலை லேசாக இழுத்து நடந்தான். "ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல. பிளாஸ்டிக்தான். கடிக்காது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், அதன் நெற்றியில் நெற்றியை வைத்தான். குதிரை ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது.

"என் தம்பி" என்றாள் லாயத்தம்மா. இவ்வளவு நேரத்தில் அவள் குரல் கனிந்தது அந்த இரண்டு வார்த்தைகளில்தான். "இவன் சவாரியைப் பார்க்க வெளியூர்லேர்ந்து ஜனம் வரும். போன வருஷம் தடை தாண்டறப்ப விழுந்துட்டான், இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சு. அப்ப ஏறியிருந்தது வேற குதிரை. இப்ப தேறிட்டான். இவனுக்காகத்தான் சிணுங்கியைத் தேடிப் பிடிச்சேன். அப்பா அம்மா போனப்புறம் இவன் ஒருத்தனைத் தூக்கி நிறுத்தணும்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். "முதுகுல தசை ஏறாம சேணம் வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வெச்சா எலும்பு அழுந்தும். தசை ஏறினதும் முதல் ஆளா என் தம்பிதான் ஏறுவான்."

தம்பிக்காரன் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டே இருந்தான். திரும்பவில்லை.

"தீவனத்தை யார் கலக்கறது?" என்று கேட்டாள் அண்ணி.

"நான்தான். பூட்டின ரூம். சாவி என் இடுப்புல. வேற யாரையும் தொடவிடறதில்ல."

"நீங்களே போய்க் கொட்டுவீங்களா?"

"இல்ல, தம்பி கொண்டு போவான். சாப்பிடறப்ப வேற யார் பக்கத்துல வந்தாலும் சிணுங்கி மிரண்டுடுவான். தொட்டியை விட்டு நகர்ந்துட்டா அப்புறம் அன்னிக்குப் பூரா பட்டினிதான். அதனால நாங்க யாரும் அந்தப் பக்கமே போறதில்ல."

"மேனேஜருக்கு?"

"அவருக்கும் தம்பிதான் வைப்பான். ரெண்டு வாளியா ஒரே நடையில கொண்டு போயிடுவான். அவருக்குப் பல்லெல்லாம் போயிடுச்சு. தவிடும் பார்லியும் வேகவெச்சு, சர்க்கரைப் பாகு ஊத்திக் கொடுப்போம். பாகுன்னா மேனேஜருக்கு உயிர்." அவள் சட்டென்று அண்ணியைப் பார்த்தாள். "வாளி மாறிடுமோன்னு நினைக்காதீங்க. சிணுங்கியோடது சிவப்பு, அவரோடது கறுப்பு. நானும் முட்டாள் இல்ல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள் அண்ணி.

*

அறையைக் காலி செய்து காட்டச் சொன்னபோது தம்பிக்காரன் குதிரையை மைதானத்துக்குப் பிடித்துக்கொண்டு போனான். அண்ணி வைக்கோலில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முட்டி எரிந்தது. இந்தத் தொழிலில் பெரும்பாலான நேரம் ஏதாவது ஒரு தரையில் முட்டி போட்டபடிதான் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி தேடறீங்க? கைரேகையா, குளம்பு ரேகையா?"

"வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திற. தொட்டி ஓரத்துல என்ன தெரியுது?"

ரேடியோ குனிந்தான். சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில், சுவர் விரிசலிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கி வந்து தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. "எறும்பு. மழைக்கு ஒதுங்கியிருக்கும் பாவம்."

"அவ்வளவு ஒழுங்கா வரிசை கட்டியா ஒதுங்கும்?"

"வீட்டுல சர்க்கரை டப்பாவுக்கு இப்படித்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டான்.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்பக்க நடை வழியாகக் கழுதையின் கொட்டிலுக்குப் போனாள். சிணுங்கியின் அறையும் கழுதையின் கொட்டிலும் இந்த நடையில் எதிரெதிரே இருந்தன. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டில் எதுவும் தெரியாது. மேனேஜரின் தொட்டியில் ஓர் எறும்புகூட இல்லை. மூலையில் மட்டும் பச்சையாக ஏதோ காய்ந்து, பசை மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உரியவில்லை. ஆளி விதை ஊறினால் இப்படித்தான் வழவழத்து, காய்ந்தால் கோந்தாகிவிடும்.

"அண்ணி" என்றான் ரேடியோ மெதுவாக. "அப்படின்னா ரெண்டு பேர்ல ஒருத்தர். கலக்கற அக்காவா, தூக்கற தம்பியா?"

"அக்கா வாளியையே மாத்திக் கலந்திருக்கலாம். தம்பி தொட்டியை மாத்திக் கொட்டியிருக்கலாம். கேட்டா ரெண்டு பேரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க." அவள் கண்ணை மூடித் திறந்தாள். இந்தப் பாட்டு அவளுக்குத் தெரிந்த பாட்டு. கேள்வி, மறுப்பு, அழுகை, சத்தியம். அதற்கெல்லாம் இன்று தெம்பில்லை. "கேக்காம விட்டுடுவோம். இன்னும் கொஞ்ச நேரத்துல தீவனம் வைக்கப் போறாங்க. நீ ஒரு காரியம் பண்ணு."

அவன் காதில் நாலு வார்த்தை சொன்னாள். ரேடியோவின் கண் அகன்றது.

"அண்ணி, இது பாவம் இல்லையா?"

"பாவம்தான். போ."

*

தூறல் நின்றிருந்தது. சிணுங்கியை அறையிலும் மேனேஜரைக் கொட்டிலிலும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். லாயத்தம்மா பூட்டைத் திறந்து, அண்ணியின் கண் முன்னாலேயே இரண்டு வாளியையும் கலந்தாள். சிவப்பு வாளியில் காலையிலேயே ஊறப்போட்ட பச்சைக் கூழ். கறுப்பு வாளியில் ஆவி பறக்கும் தவிடு, அதன் மேல் பாகு. வஞ்சகமே இல்லாத கை. அளவு பார்த்து, கட்டி உடைத்து, கையாலேயே பிசைந்தாள். தம்பிக்காரன் வந்து இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு பின்பக்க நடையில் மறைந்தான். கொஞ்ச நேரத்தில் காலி வாளிகளோடு திரும்பி, குழாயடியில் கழுவ ஆரம்பித்தான்.

அப்போதுதான் கேட்டிலிருந்து ரேடியோ தலைதெறிக்க ஓடி வந்தான். சேற்றில் வழுக்கி, ஒரு கையை ஊன்றி எழுந்து, மூச்சு வாங்க நின்றான்.

"அண்ணி! கடைக்காரர் போன்ல கத்தறார்! இப்ப ஊருக்கு வந்த மூட்டையில, எந்தக் கடையோடதா இருந்தாலும், ஏதோ ஒரு விதை தெரியாம கலந்துடுச்சாம்!"

லாயத்தம்மா வெளிறிப் போனாள். "ஐயோ, சிணுங்கி..."

"குதிரைக்கு ஒண்ணும் பண்ணாதாம்! கழுதைக்குத்தான் ஆகாதாம். ஒரு வாய் தின்னாலும் பிழைக்காதாம்!"

லாயத்தம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "நல்ல வேளை. மேனேஜர்தான் அதைத் திங்கறதே இல்லையே..."

வாளி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் அங்கே இல்லை.

இழுத்து நடக்கிற அந்தக் காலோடு அவன் ஓடினான். பின்பக்க நடையில் கொட்டிலின் பாதிக் கதவைத் திறக்கக்கூட நிற்காமல், கையை ஊன்றி ஒரே தாவலில் தாண்டி உள்ளே குதித்தான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, அவன் கழுதையின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி, அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தான். "துப்பு! மேனேஜர், துப்புடா! ஐயோ, துப்புடா!" கழுதை பல்லில்லாத ஈறால் அவன் கையைக் கடித்தது. அவன் விடவில்லை. இன்னொரு கையால் தொட்டியிலிருந்ததை வாரி வாரி வெளியே இறைத்தான். முழங்கைவரை பச்சைக் கூழ்.

"விட்டுடுங்க" என்றாள் அண்ணி. "அதுல ஒண்ணும் கலக்கல. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். மேனேஜருக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் திரும்பினான். முதலில் அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதி. சத்தியமாக நிம்மதிதான். பிறகுதான் தன் கையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

லாயத்தம்மாவும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்பு அவள் பிசைந்த கூழ். "இது எப்படி இங்க?" என்றாள். எதிர் அறையில் சிணுங்கி எதையோ மென்றுகொண்டிருந்தது. பாகு வாசனை நடை முழுக்க அடித்தது.

"எந்தத் தீவனம் ஆகலைன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டோம்" என்றாள் அண்ணி. "சோயாவை எடுத்தோம், விதையை எடுத்தோம், கடையை மாத்தினோம். சிணுங்கி அதுல ஒண்ணையும் ஒரு வாய்கூடத் தின்னதில்ல. இனிப்பே இல்லாத தீவனத்துக்கு எறும்பு வருமா? மேனேஜரோட தவிடும் பார்லியும்தான் தினமும் சிணுங்கி வயித்துக்குப் போயிருக்கு. சிணுங்கிக்குத் தேர்ந்தெடுத்ததெல்லாம் மேனேஜர் மேல தசையா ஏறியிருக்கு."

"ஏன்டா?" என்றாள் லாயத்தம்மா.

அவன் வைக்கோலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிடச் சரிந்தான் என்று சொல்லலாம்.

"அவனுக்கு நோவு வரணும்னு நினைக்கல, அக்கா. ஒல்லியா இருந்தாப் போதும்னுதான் நினைச்சேன். அவன் முதுகு தேறாத வரைக்கும் நீ சேணம் வைக்க மாட்ட. சேணம் வைக்காத வரைக்கும் நான் ஏற வேணாம்." கையிலிருந்த கூழை வைக்கோலில் தேய்த்தான். "முதல்ல தடிப்பு வந்தப்ப பூச்சிக்கடின்னு நினைச்சேன். அப்புறம் பார்லின்னு தெரிஞ்சுபோச்சு. நிறுத்தணும்னு தினமும் நினைப்பேன். வாளியைத் தூக்கிக்கிட்டு இந்த நடைக்கு வந்ததும் கை தானா மாத்திக் கொட்டிடும். நிறுத்தினா அவன் தேறிடுவானே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ தினமும் எனக்காக மைதானத்துல மணலைச் சமப்படுத்தற. 'இன்னும் கொஞ்ச நாள்தான்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்க. விழுந்த அன்னிலேர்ந்து எனக்குக் கனவுல அந்தத் தடைதான் வருது. குதிரை கூடவே இருக்கணும், அக்கா. மேலதான் ஏற முடியல."

ஆளைப் பிடித்தால் வரவேண்டிய சந்தோஷம் அண்ணிக்கு வரவில்லை. அது வந்தே பல வருஷம் ஆகிவிட்டது. கதவுக் கட்டையில் சாய்ந்துகொண்டு, "ஒரு மனுஷன் கடை வாசல்ல உட்கார்ந்திருக்கார்" என்றாள். "உங்க பயத்துக்கு அவர் பேரு போயிருக்கு. நான் சொன்னாப் பத்தாது. நீங்கதான் சொல்லணும்."

ரேடியோ தன் போனை நீட்டினான். தம்பிக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். நல்லதாக ஒரு சாக்குக்கூடச் சேர்க்கவில்லை. எதிர்முனையில் கடைக்காரர் வெடித்தார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. தன் கையால் ஒவ்வோர் இலையாகப் பார்த்துப் பொறுக்கியது, எல்லாரும் கேட்டைச் சாத்தியது, மகள்கூட 'நிஜமாவே ஒண்ணும் கலக்கலையாப்பா?' என்று கேட்டது என்று எல்லாம் வந்தது. அவன் "ஆமாங்க", "ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் குரல் தேய்ந்து, "சரி, இப்ப அவன் தொட்டியில என்ன இருக்கு?" என்று கேட்டது.

"பார்லி."

"இன்னும் எடுக்காம என்கிட்ட பேசிக்கிட்டு நிக்கறியா? எடுடா முதல்ல! எடுத்துட்டு, அவனோட கூழை வாளியோட கொட்டிடாதே. அவன் வயிறு அதைப் பார்த்ததே இல்ல. இன்னிக்கு ஒரே ஒரு பிடி. மீதி வெறும் வைக்கோல். நாளைக்கு ரெண்டு பிடி. அவசரப்பட்டா மறுபடியும் படுத்துடுவான். மேனேஜருக்கும் நாளையிலேர்ந்து அவரோடதையே கொடு, கழுதைக்கு இவ்வளவு சத்து ஏறினா குளம்பு கெட்டுடும்."

லாயத்தம்மாதான் போய்த் தொட்டியைக் காலி செய்தாள். பார்லியை வழித்து, தண்ணீர் ஊற்றி, எறும்பைத் துடைத்தாள். பிறகு இன்னும் கழுவாமல் கிடந்த சிவப்பு வாளியின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து ஒரு பிடி எடுத்து, தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் சிணுங்கியின் முன்னால் கையை நீட்டினான். குதிரை முகர்ந்தது. புது வாசனை. காதைப் பின்னால் மடக்கி ஓரடி விலகியது. அவன் கையை நீட்டியபடியே நின்றான். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். யாரும் அசையவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். வெகுநேரம் கழித்து சிணுங்கி கழுத்தை நீட்டி, உதட்டால் கொஞ்சம் எடுத்தது. மென்றது. இன்னும் கொஞ்சம் எடுத்தது.

"முதுகு தேறட்டும்" என்றாள் லாயத்தம்மா, குதிரையையே பார்த்தபடி. "தேறினதும் ஏத்தறதுக்கு ஒரு நல்ல ஆளாப் பார்க்கணும்."

அவன் தோள் இறுகியது. "யாரை, அக்கா?"

"யாரோ. உன்னை இல்ல."

எழுந்து நடமாட ஆரம்பித்த நாளிலிருந்து தன் காதில் விழாதா என்று அவன் ஏங்கியிருந்தது அந்த வார்த்தைதான். கையைக் குதிரையின் வாயிலிருந்து எடுக்காமல், முகத்தை மட்டும் அதன் எலும்புக் கழுத்தில் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. சத்தத்துக்கெல்லாம் மிரளுகிற சிணுங்கி இதற்கு மிரளவில்லை. லாயத்தம்மா கொஞ்ச நேரம் தள்ளியே நின்றாள். கோபம் அவளை விட்டு இன்னும் போகவில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. பிறகு கிட்டே வந்து, அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

அண்ணி கொழுந்தனின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.